சாதகமும் சந்நதமும்

நம் வட்டத்தில் சில காலமாக ஒரு வசைச்சொல் புழங்கி வருகிறது. பிடிக்காத கவிதையைப் பற்றி ‘இது வெறும் சரளி வரிசை’ என்று சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் விளக்கம் கேட்கப்படுவதும் இல்லை, தரப்படுவதும் இல்லை. சொல்கிறவர் ஒருநாளாவது சரளி வரிசை பாடியிருப்பாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. கேள்விப்பட்ட ஒரு பெயரை, தான் அறியாத ஒரு காரியத்தை, தனக்குப் பிடிக்காத இன்னொன்றின் மேல் விட்டெறிவது நம்மிடையே விமர்சனமாகிவிட்டது.

இது சொல் பற்றிய சில்லறைத் தகராறு என்றால் விட்டுவிடலாம். ஆனால் இந்த வசைக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. பயிற்சி என்பது யந்திரத்தனம். யந்திரத்தனம் சிருஷ்டிக்கு எதிரி. உண்மையான கலைஞனுக்கு அனுபவம் நேரடியாக வந்து இறங்குகிறது. கை அதற்கு வழி விட்டால் போதும் என்பது அந்தக் கொள்கை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து நண்பர்கள் இதற்கு மண்வாசனையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தஞ்சாவூர் நஞ்சைக்காரனுக்குத்தான் சாதகம், சம்பிரதாயம் எல்லாம். கரிசல்காட்டுக்காரனுக்குச் சந்நதம்தான் கலை என்கிறார்கள். இந்தக் கொள்கை தப்பு என்று மட்டும் அல்ல, இந்த மண்ணில் பிறந்த ஒருவன் சொல்லும்போது தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளும் கொள்கை என்றும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் வரிசை என்றால் என்ன என்று பார்ப்போம். சரளி, ஜண்டை, தாட்டு, மேல்ஸ்தாயி, ஏழு தாள அலங்காரங்கள் என்று கர்நாடக சங்கீதத்தில் ஒரு படிவரிசை இருக்கிறது. புரந்தரதாசர் வகுத்தது என்பது சம்பிரதாயம். அநேகமாக எல்லோரும் மாயாமாளவகௌளையில்தான் ஆரம்பிக்கிறார்கள். ச ரி க ம ப த நி ச என்று ஏறி இறங்குவது முதல் வரிசை. அதையே பல விதமாக மடித்து, நிறுத்தி, திருப்பிப் போடுவது மற்றவை. ஜண்டையில் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டிரண்டாக வரும். இரண்டாவதில் அழுத்தம் விழ வேண்டும். தாட்டில் ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். எல்லாம் மூன்று காலத்தில்: அட்சரத்துக்கு ஒன்று, இரண்டு, நான்கு.

இதைத் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, திரும்பத் திரும்பச் செய்வது என்று மட்டும்தான் தெரியும். உண்மையில் அங்கே எது திரும்ப வருகிறது? இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் வாத்தியம் ஒன்று உண்டு. அது கோட்டுவாத்தியம். சித்திரவீணை என்றும் சொல்கிறார்கள். வீணை போன்ற உடல்தான், ஆனால் வீணையின் 24 மெட்டுகள் இதில் கிடையாது. இடது கை விரல்கள் தந்தியை அழுத்துவதில்லை. ஒரு உருளைக் கட்டையைத் தந்தியின் மேல் சறுக்கி நகர்த்துகிறார்கள். பெரும்பாலும் கருங்காலி, பிற்காலத்தில் வேறு பொருள்களும் வந்தன. திருவிடைமருதூர் சகாராம ராவ் இதைக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் பயின்றவர். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மைசூர் அரண்மனையில் இருந்த நாராயண ஐயங்கார், மன்னார்குடி சாவித்திரி அம்மாள் என்று வாசித்தவர்களின் பட்டியல் சிறியது. சிறியதாக இருப்பதற்குக் காரணம் அந்த வாத்தியத்திலேயே இருக்கிறது.

அதை ஒரு அளவுகோலால் காட்டலாம். மீட்டும் தந்தியின் நீளம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த தந்தி ச. சரிபாதியில், 40 சென்டிமீட்டரில், மேல் ச. மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களைச் சுத்தமான விகிதங்களில் கணக்குப் போட்டால், கட்டை ஆரம்பத்திலிருந்து நகர வேண்டிய தூரம் இப்படி: ரி 5 சென்டிமீட்டர், க 16, ம 20, ப 26.7, த 30, நி 37.3, ச 40. மாயாமாளவகௌளையின் அழகே அதன் இரண்டு பாதிகளும் காதுக்கு ஒரே உருவம் என்பதுதான். ச ரி க ம எப்படியோ, அப்படியேதான் ப த நி ச. ஆனால் கைக்கு? முதல் பாதிக்கு 20 சென்டிமீட்டர், இரண்டாவது பாதிக்கு 13.3. சவிலிருந்து ரிக்கு 5 சென்டிமீட்டர் நகர்ந்த கை, பவிலிருந்து தவுக்கு 3.3 மட்டும் நகர வேண்டும். மேல்ஸ்தாயியில் அதே ச ரி 2.5 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். காதுக்கு ஒன்றாக இருப்பது கைக்கு ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. கையை ஒரே மாதிரி நகர்த்தினால் காதில் விழுவது அபஸ்வரம்.

ஆக, கோட்டுவாத்தியத்தில் வரிசை பழகுகிறவன் ஒரே காரியத்தைத் திரும்பச் செய்யவே முடியாது. ஒரே உருவத்தை வேறு வேறு அளவுகளில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் கையை நடத்துவது பழக்கம் அல்ல, காது. ஆர்மோனியத்தில் இப்படி இல்லை. கட்டையை அமுக்கினால் ஸ்வரம் தயாராகக் கிடைக்கும். 1940ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டபோது நடந்த வாதங்களில் தேசியமும் வேறு பலவும் கலந்திருந்தன. ஆனால் அவற்றின் அடியில் இருந்த இசைப் பிரச்னை இதுதான்: ஸ்வரத்தைத் தேட வேண்டிய கடமை கைக்கு இருக்கிறதா, இல்லையா? வரிசையை யந்திரத்தனம் என்கிற நம் நண்பர்கள் எல்லா வாத்தியமும் ஆர்மோனியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் இங்கே கவனிக்கத்தக்கது. சாதாரணமாக, வெறும் ஸ்வரம் சுலபம், கமகம் கஷ்டம் என்று நினைப்போம். கோட்டுவாத்தியத்தில் இது தலைகீழ். கட்டையைத் தந்தியில் வைத்து நகர்த்தினாலே குழைவும் ஜாருவும் வந்துவிடும். பழகாதவன் கையிலும் அது உருக்கமாகத்தான் ஒலிக்கும். வராதது, ரியில் போய் ரியிலேயே நிற்பது. சரளி வரிசையை மூன்றாம் காலத்தில், ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழும்படி, இடையில் இழுபடும் சத்தம் கேட்காதபடி, கட்டை வந்து சேர்ந்த கணத்தில் வலது கை மீட்டும்படி வாசிப்பதுதான் இந்த வாத்தியத்தில் வருஷக்கணக்கான வேலை. சறுக்குவதற்குச் சாதகம் வேண்டாம். நிற்பதற்கு வேண்டும். நம் பத்திரிகைகளில் வரும் கவிதைகளில் பாதிக்கு மேல் எனக்கு இந்தப் பழகாத கையைத்தான் ஞாபகப்படுத்துகின்றன. ஒரே குழைவு, ஒரே இழுப்பு. உருக்கம் உண்டு, ஆனால் எந்தச் சொல்லிலும் அவை நிற்பதில்லை.

இது நம் நாட்டுப் பத்தாம்பசலித்தனம், குருகுல மனோபாவம் என்று யாராவது சொல்லக்கூடும். அதனால் உலகத்தின் மறுகோடிக்குப் போவோம். ஹவாய்த் தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிதாரை மடியில் படுக்கவைத்து எஃகுத் துண்டால் சறுக்கி வாசிக்கத் தொடங்கினார்கள். ஜோசப் கெகூக்கு என்பவர் பெயரோடு அந்த முறை பிணைந்திருக்கிறது. அது அமெரிக்காவுக்குப் போய், மின்சாரம் ஏறி, கால் முளைத்து, பெடல் ஸ்டீல் கிதார் ஆயிற்று. இங்கேயும் வந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் சினிமாப் பாட்டுகளை வாசித்தது. பிரிஜ் பூஷண் காப்ரா கையில் ராகம் வாசித்தது. 1967ல் வெளிவந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் அவருடைய கிதாரைக் கேட்டவர்கள் நம்மிலும் பலர் இருப்பார்கள்.

பெடல் ஸ்டீலில் பிரபலமான ஒரு ஏற்பாட்டுக்குப் பத்துத் தந்திகள். எஃகுத் துண்டு ஒரே இடத்தில் இருக்க, காலால் பெடலை மிதித்தால் சில தந்திகளின் சுருதி மட்டும் உயரும். நம் பாஷையில் சொன்னால், ச க ப சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு பெடல் பவைத் தவுக்கும், இன்னொரு பெடல் கவை மவுக்கும் ஏற்றும். ச அசையாமல் இருக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ச க ப கரைந்து ச ம த ஆகிறது. 1954ல் வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் வாசித்த இந்தக் கரைசல்தான் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டின் ஒலியையே மாற்றியது. பிறகு ஒவ்வொரு வாத்தியக்காரனும் தன் வாத்தியத்தில் பெடல் பொருத்திக்கொள்ள ஓடினான்.

அந்த அமெரிக்க வாத்தியக்காரனுக்குக் குரு பூஜை கிடையாது, புரந்தரதாசர் கிடையாது. இருந்தும் அவன் செய்வது வரிசைதான். ஒரு ஏறுமுகத்தை எந்தத் தந்தியில் தொடங்கி எந்தத் தந்தியில் முடிப்பது, எங்கே கையை நகர்த்துவது, எங்கே நகர்த்தாமல் காலால் மிதிப்பது என்று ஒரே சொற்றொடரை நாலு இடத்தில் நாலு விதமாகப் பழகுகிறான். இரண்டு கை, இரண்டு கால், முழங்கால் எல்லாம் வேலை செய்யும் அந்த வாத்தியத்தில் பழகாமல் ஒரு தாலாட்டுக்கூட வாசிக்க முடியாது. ஆகவே சாதகம் என்பது இந்திய மாயாவாதமும் அல்ல, அடிமைப் புத்தியும் அல்ல. சறுக்கும் வாத்தியம் எங்கே இருந்தாலும் அதன் தன்மையே கேட்கிற வேலை அது.

எதிர்த்தரப்பில் இருக்கும் உண்மையை மறுக்க நான் வரவில்லை. செத்த வரிசையும் உண்டு. பெடல் ஸ்டீல் பழகுகிறவர்கள் காதைத் திறக்காமல், தந்தி எண், இட எண், பெடல் என்று எழுதிவைத்த கட்டங்களை மட்டும் மனப்பாடம் செய்வது உண்டு. அவர்கள் அந்தக் கட்டத்தைவிட்டு வெளியே வர முடியாமல் தவிப்பதும் உண்டு. நம் கச்சேரி மேடையில், வீட்டில் போட்டு வந்த கணக்கை மனோதர்மம் என்ற பெயரில் கொட்டி, முடிவு சமத்தில் விழுந்ததும் கைதட்டல் வாங்குகிறார்களே, அதுவும் அந்த ஜாதிதான். ஆனால் இரண்டிலும் குற்றம் பயிற்சியில் இல்லை. பயிற்சியிலிருந்து காதைக் கழற்றி வைத்ததில் இருக்கிறது. தப்பு நேர்ந்தால் அது செய்கிறவனுக்கே கேட்கிறதா என்பதுதான் உரைகல். கேட்டால் அது சாதகம். கேட்காவிட்டால் பத்தாயிரம் முறை செய்தாலும் கைவலிதான் மிச்சம்.

சபாக்காரர்களின் சாதகப் புராணத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. விடியற்காலை மூன்று மணி, கழுத்தளவுத் தண்ணீர், குருவின் பிரம்பு, இத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கை. பயிற்சியைத் தவமாக்கி, தவத்தைக் குலதனமாக்கி, அதை இன்னார்தான் செய்யத் தகும் என்று வேலி போடுவதற்கே இந்தப் புராணங்கள் பெரிதும் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் நம் நண்பர்கள் இந்த வேலியைக் கண்டு கோபித்து, வேலிக்குள் இருக்கும் நிலமே வேண்டாம் என்கிறார்கள். இதனால் யாருக்கு லாபம்? வித்வான் வீட்டுப் பிள்ளை ஐந்து வயதில் சரளி வரிசை ஆரம்பித்துவிடுகிறது. நம் கட்டுரையைப் படித்துவிட்டு அது நிறுத்தப்போவதில்லை. நம் பேச்சைக் கேட்பவன் அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பையன்தான். அவனுக்கு வாத்தியம் வாங்கக் காசு இல்லை, அண்டையில் வாத்தியார் இல்லை. இருக்கும் ஒரே மூலதனமான பொழுதையும் உழைப்பையும் பார்த்து, ‘இது உனக்கு வேண்டாம், உனக்குத்தான் ரத்தத்திலேயே கலை இருக்கிறதே’ என்கிறோம். முற்போக்கு வேஷத்தில் வரும் பழைய வேலிதான் இது.

ரத்தத்தில் இருக்கும் கலை என்று சொல்லப்படும் சந்நதத்தையே எடுத்துக்கொள்வோம். திருச்சுழிப் பக்கத்துக் கொடையில் சாமியாடி ஆடுகிறார். நண்பர்கள் அவரைப் பார்த்து மெய்சிலிர்க்கிறார்கள். அவருக்கு நாலு அடி தள்ளி நிற்கும் உறுமிக்காரரை அவர்கள் பார்ப்பதே இல்லை. உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை இழுத்துத் தேய்த்து அந்த முனகலை எழுப்ப வேண்டும். மறு முகத்தில் அடி விழ வேண்டும். அதுவும் சறுக்கல்தான், தோலின் மேல் நடக்கிற சறுக்கல். எந்தச் சாமிக்கு எந்த அடி, எங்கே காலத்தைக் கூட்டுவது, சாமி இறங்கத் தயங்கினால் எந்த அடிக்குத் திரும்பி வருவது, இறங்கியபின் எப்படித் தணிப்பது என்பதெல்லாம் அவர் சிறுவயதிலிருந்து கேட்டு, அடித்து, திட்டு வாங்கிப் பழகியது. அவருக்குச் சந்நதம் வந்துவிட்டால் கொடை நின்றுபோகும். சந்நதம் வராத ஒருவரின் சாதகத்தின் மேல்தான் ஊரின் சந்நதம் நிற்கிறது. கவிஞன் என்பவன் இந்த இருவரில் யார் என்று கேட்டால், நான் உறுமிக்காரர் என்றுதான் சொல்வேன். சாமி வாசகனுக்கு வரட்டும்.

கரிசலில் சாதகம் கிடையாது என்பதும் சரித்திரம் தெரியாத பேச்சு. விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனை இந்தக் காட்டில்தான் ஒலித்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான காருகுறிச்சி அருணாசலம், 1964ல் மறையும்வரை, கோவில்பட்டியைத் தன் ஊராக்கிக்கொண்டவர். 1962ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜானகியின் குரலோடு போட்டியிட்ட அந்த நாதஸ்வரத்தை ஊரே முணுமுணுத்தது. நாதஸ்வரக்காரர்கள் தங்கள் பயிற்சிக்கு வைத்திருக்கும் பெயரே அசுர சாதகம். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சங்கீதப் பித்துப் பிடித்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய உரைநடையில் ஒரு வாக்கியம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பதற்கும் அந்தப் பித்துக்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. அருப்புக்கோட்டைத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெய்கிறவரின் கண்ணுக்கு முன்னால் கை அறிந்துவிடுகிறது. இதை யந்திரத்தனம் என்று அவர் எதிரில் நின்று சொல்லிப் பாருங்கள்.

திருச்சுழி என்றதும் ரமணரை இழுத்து வருகிறவர்கள் உண்டு. 1879ல் அங்கே பிறந்தவர், 1896ல் மதுரையில், பதினாறு வயதில், எந்தச் சாதனையும் இல்லாமல் ஒரே கணத்தில் அனுபூதி பெறவில்லையா என்று கேட்கிறார்கள். பெற்றார். ஆனால் அவர் அதைக் கவிதை என்று பத்திரிகைக்கு அனுப்பவில்லை. திருவண்ணாமலைக்குப் போய் வருஷக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்தார். மேலும் கலை என்பது அனுபூதி அல்ல. அனுபவத்தைப் பிறர் கைக்கு எட்டும்படி ஒரு பொருளில் வைப்பது. தந்தி, தோல், சொல் என்று பொருள் ஒன்று குறுக்கே வந்தவுடன், அதன் அளவுகள் வந்துவிடுகின்றன. 20 சென்டிமீட்டரும் 13.3 சென்டிமீட்டரும் வந்துவிடுகின்றன. ஞானிக்கு இந்தத் தொல்லை இல்லை. நமக்கு உண்டு.

இங்கிலீஷ் படித்தவர்கள் கீட்ஸைக் காட்டுவார்கள். மரத்துக்கு இலை வருவதுபோல் இயல்பாக வராவிட்டால் கவிதை வராமலே இருக்கலாம் என்ற பொருளில் அவர் 1818ல் ஒரு கடிதம் எழுதியது உண்மை. அதற்குச் சில மாதங்கள் முன்பு எழுதிய இன்னொரு கடிதத்தில், ‘எண்டிமியன்’ காவியத்தைத் தன் கற்பனாசக்திக்கு ஒரு பரீட்சை என்கிறார். ஒரு சிறு சம்பவத்தை வைத்து 4000 வரி எழுத வேண்டும் என்று தனக்குத் தானே விதித்துக்கொள்கிறார். அவருடைய ஆரம்பக் கவிதையே ஸ்பென்ஸரைப் பார்த்துப் போட்ட நகல். இலை வந்த மரம் எவ்வளவு வேர் விட்டிருந்தது என்பதை நாம் படிப்பதில்லை. மரபு தானாக வாரிசுரிமையில் வராது, பெரும் உழைப்பால்தான் பெற வேண்டும் என்று 1919ல் வாதித்த எலியட், அப்போது லாயிட்ஸ் பாங்கில் குமாஸ்தா. இந்தக் கட்டுரையின் கருத்துகளைச் சொன்னபோது ஒரு நண்பர், ‘நீர் பாங்கில் லெட்ஜர் எழுதுகிறவர், அதனால்தான் வரிசை பிடிக்கிறது’ என்றார். எலியட்டுக்கும் சேர்த்து அந்தக் கௌரவத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

நம் வீட்டுக்கு வருவோம். பாரதியின் வசனகவிதை, செய்யுளின் அத்தனை பாதைகளிலும் நடந்து தீர்த்த கால்களால் எழுதப்பட்டது. 1959ல் தொடங்கிய ‘எழுத்து’ யாப்பை உடைத்தது என்கிறோம். அங்கே எழுதியவர்களில் முக்கியமானவர்களுக்குத் தாங்கள் எதை உடைக்கிறோம் என்று தெரிந்திருந்தது. ந. பிச்சமூர்த்தியின் வரிகளில் பழைய செய்யுளின் நடை உள்ளே ஓடுவதைக் காதுள்ளவன் கேட்கலாம். இன்று எழுதுகிறவனுக்கு உடைப்பதற்கு ஒன்றும் இல்லை. மெட்டு இல்லாத வாத்தியத்தை மெட்டு வைத்த வாத்தியத்தைவிடச் சுலபம் என்று நினைத்து எடுத்துக்கொண்டவன் அவன். யாப்பு ஒரு வகையில் மெட்டு. அதை எடுத்துவிட்டால் கவிஞனுக்கு வேலை குறையவில்லை. அதுவரை மெட்டு பார்த்துக்கொண்ட சுருதியை இனி அவன் காது பார்த்துக்கொள்ள வேண்டும். புதுக்கவிதைக்குத்தான் அதிக சாதகம் வேண்டும் என்பது இந்த வாதத்தின் முடிவு. நம் வட்டத்தில் இதுவரை யாரும் இதை எதிர்கொள்ளவில்லை.

அதற்கு வரிசை என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. யாப்புக்கே திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஆனால் நூறு வெண்பா எழுதிக் கிழித்துப் போட்டவனுக்கு ஒரு சீர் குறைவதும் கூடுவதும் காதில் விழும். பார்த்த ஒரு கண்மாயைப் பத்து வரியில், ஐந்து வரியில், இரண்டு வரியில் எழுதிப் பார்க்கலாம். எந்த இடத்தில் கண்மாய் காணாமல் போகிறது என்று தெரியும். அதுவே மூன்று காலம். உவமை இல்லாமல் எழுதலாம். பெயரடை இல்லாமல் எழுதலாம். தனக்குப் பிடித்த கவிஞனின் ஒரு கவிதையைக் கையால் பிரதி எடுத்து, வரி முறிகிற இடங்களை மாற்றி, எங்கே அது செத்துப்போகிறது என்று கேட்கலாம். இவற்றில் எதையும் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டாம். மேடையில் சரளி வரிசை பாடுகிறவன் இல்லை.

கடைசியாக, அந்த வசைச்சொல்லை விரும்பிப் பயன்படுத்தும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. வாத்தியம் வாங்க வேண்டாம். தம்புரா சுருதி இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு, ஜண்டை வரிசை முதலாவதை மூன்று காலத்தில், தினம் அரைமணி, ஒரே ஒரு மாதம் பாடுங்கள். ஜண்டையின் இரண்டாவது ஸ்வரம் முதலாவது அல்ல என்பது உங்கள் தொண்டைக்குத் தெரிந்தபின், எந்தக் கவிதையை வேண்டுமானாலும் சரளி வரிசை என்று சொல்லுங்கள். அப்போது அது வசையா, பாராட்டா என்று கவிதை எழுதியவன் தீர்மானித்துக்கொள்வான்.